பதினோராவது தோட்டா

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் மலையிறங்கிப் போன மறுநாள் காலை. ஏற்காட்டு வீட்டின் நடு அறையில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். பழைய வேட்டிகள், காபி போர்டு ரசீதுகள், கண் ஆபரேஷனுக்கு முன் போட்டிருந்த தடிமனான கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அந்தக் காலத்துக் கண்ணாடி பாட்டில். மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய பித்தளைக் குழாய்கள்.

"எண்ணிப் பாரு கண்ணு. பதினொண்ணு இருக்கணும்" என்றார் பாட்டி, திண்ணையில் இருந்தபடியே.

எண்ணினேன். பத்து. துணியை உதறிவிட்டு மறுபடியும் எண்ணினேன். பத்துதான்.

"பாட்டி, பத்துதான் இருக்கு."

பாட்டி பதில் சொல்லவில்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். லைசென்ஸ் துப்பாக்கி. என் கொள்ளுத்தாத்தா சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். 1956-ல் எஸ்டேட் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, முறைப்படி எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது அது. கூடவே ஒரு பெட்டித் தோட்டா. இருபது. பிறகு லைசென்ஸ் தாத்தா பெயருக்கு வந்தது. பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் எழுதியிருக்கும். காபித் தோட்டத்தை ஒட்டி நாங்கள் போட்டிருந்த கிழங்குக்கும் வாழைக்கும் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம்.

ஆனால் அந்தத் துப்பாக்கி வெடித்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் அப்பாவே சின்னப் பையனாக இருந்தபோது கேட்டதுதான். எனக்குத் தெரிந்த வரை அது, வருடா வருடம் எண்ணெய் போட்டுத் துடைக்கப்படுகிற, தேர்தல் வந்தால் கித்தான் பையில் போட்டு ஸ்டேஷனில் ஒப்படைக்கப்படுகிற, முடிந்ததும் திரும்ப வருகிற ஒரு பொருள். அவ்வளவுதான்.

பேரீச்சம்பழக்காரர்

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா தானாகவே சொன்னார்.

"அந்தப் பதினோராவது தோட்டாவை நான்தான் எடுத்தேன். எனக்கு அப்போ பதினொரு வயசு. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தர்றவர் வாரம் ஒரு தடவை வருவார். எல்லாப் பசங்களும் ஏதாவது கொண்டுபோய்க் குடுத்துத் தின்னுட்டு இருந்தாங்க. எனக்கு வீட்டுல வேற எதுவும் கிடைக்கல. காலித் தோட்டாதானே, சுட்டு முடிச்சதுதானேன்னு ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டேன். ஒரு கை நிறையக் குடுத்தார்."

"தாத்தா அடிச்சாரா?"

"அடிச்சிருந்தா மறந்திருப்பேன். அடிக்கல. மறுநாள் விடிகாலைல சேலத்துக்கு இறங்கிப் போனார். செவ்வாய்ப்பேட்டைல ஒவ்வொரு பழைய பாத்திரக் கடையா ஏறி இறங்கித் தேடினாராம். ராத்திரிதான் திரும்பி வந்தார். கிடைக்கல. அதுக்கப்புறம் ஆறு மாசம் என்கூடப் பேசல. ஒரு காலித் தோட்டாவுக்காக. பெத்த பையனைவிட அது பெருசாப் போச்சு."

அப்பாவுக்கு இப்போது அறுபது வயது. நாலு பேரன் பேத்தி எடுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது குரல் மட்டும் பதினொரு வயதுப் பையனுடையதாக இருந்தது. எங்கள் வீட்டில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எப்போதுமே இரண்டு நாற்காலி தூரம் இருக்கும். அது அவர்களுடைய சுபாவம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காலித் தோட்டா என்பது சுட்ட பிறகு மிஞ்சுகிற கூடு. அதைப் போய் ஒரு மனுஷன் நாள் முழுக்கத் தேடுவாரா? பெற்ற பிள்ளையோடு பேசாமல் இருப்பாரா? கேள்வி உள்ளே உட்கார்ந்துவிட்டது. நான் வேலை பார்ப்பது ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில். தேடுவதற்குத்தான் சம்பளமே. தேட ஆரம்பித்தேன்.

அனாதைத் துப்பாக்கி

கூட்டின் அடிப்பக்கத்தில் வட்டமாகச் சில எழுத்துகள் பொறித்திருந்தன. தேய்த்துத் துடைத்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் 405 என்ற எண். சுற்றிலும் வின்செஸ்டர் கம்பெனியின் சுருக்கெழுத்து.

.405 வின்செஸ்டர். 1904-ல் அமெரிக்காவில் வெளிவந்த தோட்டா. ஜான் பிரவுனிங் என்ற மேதை வடிவமைத்த 1895 மாடல் ரைஃபிளுக்காக உருவாக்கப்பட்டது. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். ஆமாம், பழைய கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம்தான். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது கொண்டுபோனதும் இந்த .405-தான். இதே மாடலை வேறு தோட்டாவுக்கு மாற்றி, முதல் உலகப் போரில் ரஷ்யா ஏறக்குறைய 3 லட்சம் வாங்கியது.

இன்னொரு பெயரும் கிடைத்தது. கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்தவர். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, ஒகேனக்கல் என்று பழைய சேலம் மாவட்டக் காடுகளில் அலைந்து, ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் புலிகளையும் பற்றி எழுதியவர். அவருடைய கையில் இருந்ததும் .405 வின்செஸ்டர்தான். ஒரு நிமிடம் என் மூளை டெஸ்க் மூளையாக மாறி, தலைப்பு வைக்கப் போய்விட்டது. பிறகு நானே அதைத் தட்டி உட்கார வைத்தேன். எங்கள் துரைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரே மாதிரி துப்பாக்கி, அவ்வளவுதான்.

விஷயம் வேறு இடத்தில் இருந்தது. 1930-களில் அந்த ரைஃபிளின் உற்பத்தி முடிந்துபோனது. துப்பாக்கி செய்வது நின்றால் தோட்டா செய்வதும் மெல்ல நின்றுவிடும். துரை எங்கள் கொள்ளுத்தாத்தாவிடம் அதைக் கொடுத்த காலத்திலேயே அது கிட்டத்தட்ட அனாதை. இருந்த இருபது தோட்டாவும் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இந்தியாவில் இப்படி அனாதையான துப்பாக்கிகள் ஏராளம். அதற்குப் பின்னால் ஒரு அரசியல் கதையும் உண்டு. பிரிட்டிஷ் அரசுக்கு எப்போதும் ஒரு பயம். ராணுவம் பயன்படுத்தும் அதே அளவு தோட்டா பொதுமக்களிடமும் இருந்தால், திருட்டுப் போகும் ராணுவத் தோட்டா எதிரி கைக்குப் போய்விடுமே! அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவு ரைஃபிள்களை இங்கே கொண்டுவரத் தடை போட்டார்கள். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று கொஞ்சம் தள்ளித் தள்ளிப் புது அளவுகளைக் கொண்டு வந்தன. ராணுவத்தின் .303-யும் பொதுமக்களுக்குக் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் இன்றும் நம் ஊரில் பரவலாக இருக்கும் .315. அதன் மூதாதை ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் ஒரு பழைய தோட்டா. கொல்கத்தா அருகே இஷாப்பூர் தொழிற்சாலையில் அந்த ரைஃபிளைச் செய்தார்கள். .315 வைத்திருப்பவருக்குத் தோட்டா கிடைக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி இறுகிய காலத்தில், .405 போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்குக் கையில் இருப்பதுதான் மிச்சம்.

பித்தளை மட்டும்தான் வீடு திரும்பும்

சேலத்தில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் பல வருடம் பழகிய ஒரு பெரியவரை, நண்பர் மூலமாகப் போய்ப் பார்த்தேன். கூடுகளை எடுத்துப் போகவில்லை. போட்டோ மட்டும் காட்டினேன். போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க தாத்தா கெட்டிக்காரர்மா. ஒவ்வொண்ணையும் பொறுக்கிட்டு வந்திருக்கார். இந்த ரைஃபிள்ல காலிக் கூடு மேல் பக்கமா எகிறிப் போய் விழும். ராத்திரி இருட்டுல, காபிச் செடிக்கு நடுவுல பன்றியைச் சுட்டுட்டு, விளக்கை வச்சுக்கிட்டு இதைத் தேடி எடுக்கணும்னா சும்மாவா?"

"எதுக்கு சார் எடுக்கணும்? அதான் சுட்டு முடிஞ்சுதே?"

அவர் சிரித்தார். "தோட்டாவுல நாலு சாமான் இருக்கு. முன்னாடி ஈயக் குண்டு. உள்ள மருந்து. அடியில தட்டினா தீப்பொறி வர்ற கேப். இது மூணையும் பிடிச்சு வச்சிருக்கிற பித்தளைக் கூடு. சுட்டா கேப்பு செத்துடும், மருந்து எரிஞ்சுடும், குண்டு பறந்துடும். வீடு திரும்புறது பித்தளை மட்டும்தான். மத்த மூணையும் எப்படியாவது தேடிப் பிடிக்கலாம். குண்டை ஈயத்துல வார்க்கலாம். ஆனா அந்தத் துப்பாக்கிக்கு அளவான கூடு இல்லேன்னா எதுவும் பண்ண முடியாது. தோட்டாவுல விலை கூடின பாகமும் அதுதான்."

அப்போதுதான் எனக்கு முதல் முடிச்சு அவிழ்ந்தது. நான் குப்பை என்று நினைத்ததுதான் அதில் முக்கியமான பொருள்.

கூட்டை ஏன் பித்தளையில் செய்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். சுடும் அந்தக் கணத்தில் பித்தளை உப்பி, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டு, எரியும் வாயு பின்னால் சுடுபவர் முகத்துக்கு வராமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே கொஞ்சம் சுருங்கி, வெளியே வர வழிவிட வேண்டும். உப்பவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு அந்தக் குணம் இருக்கிறது. உலகம் முழுக்க அந்தக் கலவைக்கே தோட்டாப் பித்தளை என்றுதான் பெயர்.

இல்லாத கூட்டை உருவாக்க முடியாதா என்று கேட்டேன். வெளிநாடுகளில் அதையே ஒரு தவமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்றார். முதல் வழி, சொந்தக்காரத் தோட்டாவைத் தேடுவது. .405-க்கு அப்படி ஒரு அண்ணன் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் பழைய .30-40 கிராக். அடிப்பகுதி ஒத்துப்போகும். ஆனால் வாய்ப்பக்கம் ஒடுங்கி இருக்கும். அதை விரித்து நேராக்கினால் .405 மாதிரி ஆகும். அப்போதும் கிட்டத்தட்ட 7 மில்லி மீட்டர் குட்டை. சட்டையின் கை பத்தாத மாதிரி. அதையும் வைத்துத்தான் பல வருடம் ஓட்டினார்கள். இரண்டாவது வழி, முழுப் பித்தளைக் கம்பியைக் கடைசல் பட்டறையில் வைத்து ஒவ்வொன்றாகக் கடைந்தெடுப்பது. மூன்றாவது, இதற்கென்றே இருக்கும் சிறு கம்பெனிகள். ஆஸ்திரேலியாவில் பெர்ட்ராம் என்ற கம்பெனி, வழக்கொழிந்த தோட்டாக்களுக்குக் கூடு செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறது. 2000-க்குப் பிறகு அமெரிக்காவில் அந்த ரைஃபிளையே மறுபடி கொண்டு வந்ததால், .405 இப்போது அங்கே புதிதாகவே கிடைக்கிறதாம்.

"ஆனா நம்ம ஊர்ல 1970-கள்ல ஒரு மலைக்கிராமத்து ஆளுக்கு இதுல எந்த வழியும் கிடையாது. அவர்கிட்ட இருந்தது சுட்டுப் பொறுக்கின கூடு மட்டும்தான்" என்றார்.

மாட்டுக் கொட்டகை

ஊருக்குத் திரும்பி பாட்டியிடம் கேட்டேன். "இருபதுல பதினொண்ணு சுட்டாச்சு. மிச்சம் ஒன்பது நல்ல தோட்டா இருந்திருக்கணுமே? அது என்ன ஆச்சு?"

"அது வெடிச்சுப் போச்சு."

"வெடிச்சதா?"

"துப்பாக்கில வெடிக்கல. சும்மா இருந்த இடத்துல கீறல் விட்டுப் போச்சு. பசங்க கைக்கு எட்டக் கூடாதுன்னு மாட்டுக் கொட்டகைப் பரண்ல, தகர டப்பால வச்சிருந்தார். ஒரு ஐப்பசி மழைக்கு அப்புறம் எடுத்துப் பார்த்தா, வாய்ப்பக்கம் எல்லாம் மண்பானை மாதிரி விரிசல். சேலத்துல துப்பாக்கிக் கடைக்காரர்கிட்ட எடுத்துட்டுப் போனார். இதைப் போட்டுச் சுட்டா கை போயிடும்னு சொல்லி அவர் வாங்கி வச்சுக்கிட்டார். மழை ஈரத்துல போச்சுன்னு உங்க தாத்தா சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்."

ஈரம் தனியாக அதைச் செய்யவில்லை. இது நான் தேடியதிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்த தகவல். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் ராணுவத்துக்கு இதே பிரச்னை வந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல். யாரும் தட்டவில்லை, சுடவில்லை, தானாக விரிந்திருந்தது. மழைக்காலத்தில் வந்ததால் அதற்கு 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். 1921-ல்தான் அதன் காரணம் முழுதாகத் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. ஈரக்காற்றோடு சேர்ந்து அது பித்தளையைத் தொடும்போது, உள்ளே ஏற்கெனவே இறுக்கத்தோடு இருக்கும் பித்தளை பிளந்துவிடும்.

குதிரை லாயத்துக்குப் பதில் எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டகை. பிள்ளைகளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று தாத்தா தேர்ந்தெடுத்த இடம்தான் அந்த ஒன்பதையும் தின்றுவிட்டது. வீட்டுக்குள், கண்ணாடி பாட்டிலில், மூடி இறுக்கி வைத்த காலிக் கூடுகள் மட்டும் தப்பித்தன.

"உள்ளே இறுக்கத்தோடு இருக்கும்" என்றால் என்ன? அதைப் புரிந்துகொள்ள சேலத்தில் பித்தளைப் பாத்திரம் அடிக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். பழைய குடம் ஒன்றை ஒடுக்கெடுத்துக்கொண்டிருந்த ஐயாவிடம், தகட்டை அடித்துக் குழிவாக்கும்போது ஏன் நடுநடுவே நெருப்பில் காட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அடிக்க அடிக்க முறுக்கிக்கும்மா. கல்லு மாதிரி ஆயிடும். அதுக்கு மேல அடிச்சா வளையாது, வெடிச்சிடும். அப்போ சூடு காட்டணும். செவக்க ஆரம்பிக்கிறப்ப எடுத்து வச்சா இளகிடும். மறுபடி அடிக்கலாம். இரும்பைச் சூடு பண்ணித் தண்ணில முக்கினா இறுகும். பித்தளை அப்படியில்ல. முக்கினாலும் இளக்கமாத்தான் இருக்கும்."

தோட்டாக் கூடும் அப்படித்தான் பிறக்கிறது. காசு மாதிரி ஒரு பித்தளை வில்லை. அதை அழுத்திக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை இழுத்துக் குவளையாக்கி, குவளையை இழுத்துக் குழாயாக்குகிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் சூடு. வாய்ப்பக்கம் இளக்கமாகவும் அடிப்பக்கம் கெட்டியாகவும் இருக்கும்படி முடிக்க வேண்டும். முறுக்கம் மிஞ்சிய இடத்தில் அம்மோனியா பட்டால் பிளவு. அதற்கு மருந்து, மிதமான சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தை எடுத்துவிடுவது.

ஐயா கடைசியாக ஒன்று சொன்னார். "நேரத்துல சூடு காட்டாம விட்டுட்டா, அப்புறம் எவ்வளவு நல்ல சரக்கா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல." அவர் குடத்தைப் பற்றித்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது எனக்கு என்னவோ அந்த ஆறு மாதம்தான் ஞாபகம் வந்தது.

நோட்டுப் புத்தகம்

லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வாரிசுதாரர் அதைக் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு பெயருக்கு வேண்டுமென்றால் முறைப்படி விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு அது வேண்டாம். தாத்தா இறந்த மூன்றாம் நாளே அப்பா ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். காலிக் கூடுகள் இருப்பது அப்போது யாருக்கும் நினைவில்லை.

இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காலிதானே என்று நாங்களும் அலட்சியமாகத்தான் இருந்தோம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவுக்குத் தரும் விளக்கத்துக்குள் அதன் பாகங்களும் வருகின்றன. தாத்தா காலத்துப் பொருள் என்று சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு விமான நிலையத்தில் சிக்கியவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அறையிலோ இப்படி ஏதாவது கிடைத்தால் பழைய பாத்திரக்காரரிடம் எடை போடாதீர்கள். நீங்களே நோண்டவும் வேண்டாம், அது சுடாத தோட்டாவாகவும் இருக்கலாம். ஸ்டேஷனில் சொல்லிவிடுவதுதான் நல்லது. எங்களிடம் அதிகாரி கேட்டதெல்லாம், "லைசென்ஸ் புத்தகத்தோட எடுத்துட்டு வாங்க" என்பது மட்டும்தான்.

லைசென்ஸைத் தேடியபோதுதான் பாட்டி தகர டப்பாவைக் கொண்டு வந்தார். லைசென்ஸுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தாத்தாவின் பென்சில் எழுத்து. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வரி. தேதி, இடம், பன்றி விழுந்ததா இல்லையா, கூடு கிடைத்ததா. ஒன்றுக்கு எதிரில், "மறுநாள் பகலில் தேடி எடுத்தேன்" என்று இருந்தது. 1972-க்குப் பிறகு சுட்டதாக ஒரு வரிகூட இல்லை. அந்த வருடம்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பிறகு, 1974 ஐப்பசி. "ஒன்பதும் பழுது. கடையில் கொடுத்து ரசீது வாங்கினேன். பெங்களூரில் ஒருவர் காலி கொண்டுவந்தால் மருந்து அடைத்துத் தர வழி பார்க்கலாம் என்கிறார். காலி 11 இருக்கிறது."

அப்பா பேரீச்சம்பழம் வாங்கித் தின்றது 1975 பொங்கலுக்குப் பக்கத்தில். மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை.

"சட்டம் வந்ததுக்கப்புறம் சுடப்போறதே இல்லையே பாட்டி. அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடு?" என்றேன்.

"தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் தடிதானே, தடிக்கு எதுக்கு லைசென்ஸ்னு கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்களோன்னு அவருக்குப் பயம். உங்க கொள்ளுத்தாத்தா துரைக்கு முன்னால நாற்காலில உட்கார்ந்ததே இல்ல. அவர் கைக்கு வந்த ஒரே சொத்து அது. தன் காலத்துல அது போகக் கூடாதுன்னு இருந்தார்."

கடைசியில் மருந்து அடைக்கவே இல்லை. அனுமதி, குண்டு, கேப் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப்போயிருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சேலத்துப் பெரியவர் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னார். அந்தக் காலத்துக் கேப்புகள் பலவற்றில் பாதரசம் இருக்கும். ஒரு தடவை சுட்டாலே அது பித்தளைக்குள் புகுந்து அதை மொறமொறப்பாக்கிவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், தாங்காது. அந்தப் பதினொன்றும் அப்படி இருந்திருந்தால் யார் அடைத்துக் கொடுத்திருந்தாலும் ஆபத்துதான். தாத்தாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதை நான் பாட்டியிடம் சொல்லவில்லை.

நோட்டின் பின் பக்கங்களில் தேர்தல் வரிகள். 1977, 1980, 1984, 1989 என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஒப்படைத்த தேதி, திரும்ப வாங்கிய தேதி. ஒவ்வொன்றின் கீழேயும் கூடுகளின் கணக்கு. எல்லா வருடமும் ஒரே மாதிரி: "காலி 11 (ஒன்று வெளியே)."

தொலைந்தது என்று ஒரு வருடம்கூட எழுதவில்லை. பத்து என்றும் எழுதவில்லை. கோபத்தில் பையன் பெயரையும் எழுதவில்லை. ஒன்று வெளியே. அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போன பிள்ளை இன்னும் திரும்பாத மாதிரி.

நோட்டை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். 1974 பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே மனுஷன்" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "பதினொரு வயசுல சொன்னாலும் எனக்கு என்ன புரிஞ்சிருக்கும்" என்றார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். ஹார்லிக்ஸ் பாட்டிலை அப்பாதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரைட்டர் ஒவ்வொரு கூட்டையும் எடுத்து, அடியில் இருந்த எழுத்தைப் பார்த்து, மேஜையில் வரிசையாக நிறுத்தினார். வெயிலில் பத்தும் குத்துவிளக்கு மாதிரி மின்னின. தாத்தாவின் நோட்டைப் புரட்டியவர் கடைசி வரியில் நின்றார்.

"இதுல பதினொண்ணுன்னு இருக்கு. பத்துதானே இருக்கு. இன்னொண்ணு எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அதை நான் எடுத்துக் குடுத்துப் பேரீச்சம்பழம் தின்னுட்டேன் சார்."

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். "எப்போ?"

"எழுபத்தஞ்சுல. பொங்கலுக்கு."

ரைட்டர் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரசீதில் 'காலித் தோட்டா - 10' என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைத் தாத்தாவின் நோட்டுக்குள் வைத்தார். பென்சிலை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதினார்: "காலி 10 ஒப்படைத்தேன். ஒன்று என் கணக்கில்."